59 ஓட்டங்களா, பதிலி மாதிரியா: உலைக் கணிப்பின் நிச்சயமின்மையை அளக்கும் வழிகள்

அழுத்த நீர் அணு உலையில் குளிர்நீர்க் குழாய் உடைந்தால் எரிபொருள் கம்பிகளின் ஜிர்கோனியம் உறை எவ்வளவு சூடேறும் என்பதைக் கணித்துக் காட்டாமல் அமெரிக்காவில் உலைக்கு உரிமம் பெற முடியாது. அங்குள்ள விதிப்படி உறையின் உச்ச வெப்பநிலை 2,200 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 1,204 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. உறையின் எந்த இடத்திலும் தடிமனில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனேற்றம் ஆகக்கூடாது. உறை முழுவதும் நீராவியுடன் வினைபுரிந்தால் எவ்வளவு ஹைட்ரஜன் உண்டாகுமோ அதில் 1 விழுக்காட்டுக்கு மேல் உண்டாகக்கூடாது. ஒரு கணிப்பு 1,060 டிகிரி செல்சியஸ் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். எல்லைக்கு இன்னும் 144 டிகிரி இருக்கிறது. அந்த 144 போதுமானதா என்ற கேள்விக்கு 1,060 என்ற எண் தனியாக எந்த விடையையும் தராது. அதன் இருபுறமும் எத்தனை டிகிரி நிச்சயமின்மை இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த நிச்சயமின்மையை அளக்கப் பல வழிகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்களும் உள்ளனர். எது எங்கே பொருந்தும் என்பதைப் பொதுப்படையாகப் பேசினால் எல்லா வழிகளும் நல்லவையாகவே தோன்றும் என்பதால், ஒரு கணக்கை முன்வைத்து ஒப்பிடுவது நல்லது. ஒரு கணிப்பு ஒரு முறை ஓடி முடிய ஆறு மணி நேரம் ஆகிறது. கையில் ஒரே ஒரு கணினி. பதினைந்து நாள் அவகாசம். ஆக மொத்தம் 60 ஓட்டங்கள். எரிபொருளின் வெப்பக் கடத்துதிறன், எஞ்சிய கதிரியக்க வெப்பம், உடைப்பின் வழியே நீர் வெளியேறும் வேகம், உறைக்கும் நீராவிக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றக் கெழு போன்ற பத்து உள்ளீடுகள் உறுதியாகத் தெரியாதவை. இந்த 60 ஓட்டங்களை எப்படிச் செலவிடுவது?

முதலில் பழைய வழி. 1974-இல் வந்த அமெரிக்க விதி, நிச்சயமின்மையை அளக்கச் சொல்லவில்லை. அதை மறைத்துவிடும் அளவுக்கு மோசமான அனுமானங்களைக் கணிப்புக்குள் திணிக்கச் சொன்னது. அவ்விதியின் 'கே' பின்னிணைப்பின்படி, உலை தன் உரிமத் திறனில் 102 விழுக்காட்டில் இயங்கிக்கொண்டிருந்ததாகக் கொள்ள வேண்டும். உலை நின்ற பிறகு வரும் எஞ்சிய வெப்பத்தை அன்றைய தரநிலை சொன்ன அளவைப் போல் 1.2 மடங்காக வைக்க வேண்டும். ஜிர்கோனியம் நீராவியுடன் வினைபுரியும் வேகத்தை மிகைப்படுத்திச் சொல்லும் பேக்கர்-ஜஸ்ட் சமன்பாட்டையே பயன்படுத்த வேண்டும். இப்படிக் கணித்தும் எல்லைக்குள் நின்றால் உலை பாதுகாப்பானது. இதற்கு 60 ஓட்டங்கள் வேண்டாம், ஒன்றே போதும். ஒழுங்காற்று அதிகாரிக்கும் சரிபார்ப்பது எளிது. இன்றும் அவ்விதி செல்லுபடியாகும். எல்லைக்கு வெகு கீழே நிற்கும் உலைக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது என்பதால், புள்ளியியல் முறைகளில் ஆர்வம் கொண்டவர்கள் இதை ஏளனம் செய்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆனால் இவ்வழியில் இரண்டு குறைகள் உண்டு. மோசமான உள்ளீடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் மோசமான விடை கிடைக்கும் என்ற நம்பிக்கை, விடை ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே திசையில் நகரும்போது மட்டுமே உண்மை. நீர் வெளியேறும் கட்டத்தில் வெப்பத்தைக் கூட்டும் ஓர் அனுமானம், மீண்டும் நீர் நிரம்பும் கட்டத்தில் அதைக் குறைக்கவும் கூடும். இரண்டாவதாக, இப்படி வரும் விடை நடக்கப்போவதன் சித்திரம் அன்று. விபத்தின்போது இயக்குநர்கள் என்ன காண்பார்கள், எந்த வரிசையில் காண்பார்கள் என்பதற்கு அதை வழிகாட்டியாகக் கொண்டால் தவறாகப் போகும். மேலும், 144 டிகிரி இடைவெளியில் எவ்வளவு உண்மையான பாதுகாப்பு, எவ்வளவு அனுமானங்களின் கனம் என்பதைப் பிரித்துச் சொல்லவே முடியாது.

1988-இல் அவ்விதி திருத்தப்பட்டது. யதார்த்தமான மாதிரியைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் நிச்சயமின்மையை அளந்து, எல்லை மீறப்படாது என்பதை உயர்ந்த நிகழ்தகவோடு காட்ட வேண்டும் என்ற மாற்று வழி திறந்தது. 'உயர்ந்த நிகழ்தகவு' என்பது நடைமுறையில் 95 விழுக்காடு என்று ஆயிற்று. அந்த 95-ஐ 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் (சுருக்கமாக 95/95) நிலைபெற்றது. அதன் பிறகுதான் வழிகளுக்கு இடையிலான போட்டி தொடங்குகிறது.

அந்தப் போட்டிக்குள் நுழையும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளீடுகளைக் குலுக்கிப் பார்க்கும் எந்த முறையும் கணிப்பு தன் சமன்பாடுகளைச் சரியாகத் தீர்க்கிறதா என்று பார்ப்பதில்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் கான்ஸ்ஃபியோர்டில் ஸ்லைப்னர்-ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் நீரில் அமிழ்த்திச் சோதிக்கப்பட்டபோது ஒரு சுவர் உடைந்து மூழ்கியது. மூன்று அறைகளின் சுவர்கள் சந்திக்கும் மூலையில் ஃபைனைட் எலிமென்ட் வலை, அதாவது கணிப்புக்காகக் கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்த அமைப்பு, தரக்குறைவாக இருந்ததால் வெட்டுத் தகைவு (சுவரைக் குறுக்காக வெட்டப் பார்க்கும் விசையின் செறிவு) 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு நுண்ணிய வலையோடு கணித்தபோது 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது ஏறத்தாழ 65 மீட்டரில். கான்கிரீட்டின் வலிமையையும் நீரின் அழுத்தத்தையும் ஆயிரம் விதமாக மாற்றி அந்தப் பழைய வலையில் ஓட்டியிருந்தாலும் ஆயிரம் விடைகளும் ஒரே பக்கமாகப் பிழைத்திருக்கும். ஆகவே பாய்மவியல் கணிப்பிலோ கட்டமைப்புக் கணிப்பிலோ வேலை செய்பவர் முதல் சில ஓட்டங்களை வலையை மாற்றிப் பார்ப்பதற்கே ஒதுக்க வேண்டும். முப்பரிமாணத்திலும் நேரத்திலும் வலையை இரண்டு மடங்கு நுண்மையாக்கினால் வேலை 16 மடங்காகும், ஆறு மணி நேரம் நான்கு நாளாகும். ஆனால் அதே கணக்கின்படி பாதி நுண்மையுள்ள வலை அரை மணிக்கும் குறைவாக முடிந்துவிடும் என்பதால், கரடான பக்கம் இறங்கிப் பார்ப்பது மலிவு. உலைக் கணிப்பில் இந்த வழி சரியாகப் பொருந்தாது. ரிலாப், ட்ரேஸ் போன்ற நிரல்கள் உலையைச் சில நூறு பெரிய கூறுகளாகப் பிரிக்கின்றன. அவற்றின் வெப்பப் பரிமாற்றச் சூத்திரங்கள் அத்தகைய பிரிப்போடு சேர்த்தே சோதனைகளுடன் ஒப்பிடப்பட்டவை. பிரிப்பை நுண்மையாக்கினால் விடை மேம்படும் என்ற உத்தரவாதம் அங்கே இல்லை. சோதனையோடு ஒத்துப்போன பிரிப்பை மாற்றாமல் உலைக்கும் கையாள்வதே அங்குள்ள நடைமுறை.

இனி வழிகள். மிக எளியது மான்டி கார்லோ. 1940-களின் இறுதியில் லாஸ் அலமோஸில் உலாம், ஃபான் நியூமன், மெட்ரோபொலிஸ் ஆகியோர் உருவாக்கிய இம்முறையில், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அதன் பரவலிலிருந்து ஒரு மதிப்பைச் சமவாய்ப்பில் எடுத்துக் கணிப்பை ஓட்டி, விடைகளின் பரவலைப் பார்க்கிறோம். உள்ளீடுகள் பத்தா நூறா என்பது இதற்குப் பொருட்டே இல்லை. விடை வழுவழுப்பாக மாறுகிறதா, திடீரென்று தாவுகிறதா என்பதும் பொருட்டில்லை. விலை என்னவென்றால், பிழை ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டங்கள் வேண்டும். நம் 60 ஓட்டங்களில் சராசரியின் பிழை, விடைகளின் திட்ட விலக்கத்தில் சுமார் 13 விழுக்காடு. திட்ட விலக்கத்தையே சுமார் 9 விழுக்காடு பிழையோடுதான் அறிய முடியும். இது பல நோக்கங்களுக்குப் போதும். ஆனால் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான அரிய நிகழ்வின் நிகழ்தகவைப் பத்து விழுக்காடு துல்லியத்தில் அறிய ஒரு லட்சம் ஓட்டங்கள் வேண்டும். ஆறு மணி நேர ஓட்டத்தை ஒரே கணினியில் அத்தனை முறை ஓட்டினால் 68 ஆண்டுகள் ஆகும்.

மக்கே, பெக்மன், கோனோவர் ஆகிய மூவர் 1979-இல் முன்வைத்த இலத்தீன் ஹைப்பர்கியூப் முறை, இதே 60 மாதிரிகளை ஒவ்வொரு உள்ளீட்டின் வீச்சிலும் சமமாகப் பங்கிட்டு வைக்கிறது. உள்ளீடுகளின் விளைவுகள் ஏறத்தாழத் தனித்தனியாகக் கூடும் கணிப்புகளில் சராசரியை இது மிகத் துல்லியமாகத் தருகிறது. உள்ளீடுகள் ஒன்றையொன்று பெருக்கும் இடங்களில் ஆதாயம் குறைந்துவிடும்.

உரிம எல்லையைத் தாண்டுமா தாண்டாதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, சராசரியும் திட்ட விலக்கமும் நேரடியான விடை அல்ல. இந்த இடத்தில்தான் 1941-இல் வில்க்ஸ் வகுத்த ஒரு புள்ளியியல் முடிவு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜெர்மனியின் அணுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஜி.ஆர்.எஸ் வழியாக அணு உலைத் துறைக்குள் வந்து அதை ஆட்கொண்டது. அதன் அடிப்படை ஒரு வரியில் அடங்கும். விடைகளில் 95 விழுக்காடு எந்த அளவுக்குக் கீழே இருக்குமோ அந்த அளவை ஒரு ஓட்டம் தாண்டாமல் இருக்க 0.95 வாய்ப்பு, 59 ஓட்டங்களில் ஒன்றுகூடத் தாண்டாமல் இருக்க 0.95-ஐ 59 முறை பெருக்கிய வாய்ப்பு, அது 0.05-க்குச் சற்றே குறைவு. ஆகவே 59 ஓட்டங்களில் மிக உயர்ந்த விடையை எடுத்துக்கொண்டால், அது அந்த 95 விழுக்காட்டு அளவுக்கு மேல் இருக்கிறது என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். உள்ளீடுகளின் எண்ணிக்கை இதில் வரவே இல்லை. விடையின் பரவல் மணி வடிவமா, இரட்டைக் கூம்பா என்ற அனுமானமும் இல்லை. பத்து உள்ளீடுகளோடு நிற்காமல் ஐயமுள்ள அறுபதையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்கலாம், எது முக்கியம் என்று முன்கூட்டியே நிபுணர்கள் கூடி முடிவுசெய்யத் தேவையில்லை. நம் 60 ஓட்டங்களில் 59 இதற்குப் போனால் மீதமுள்ள ஒன்று சராசரி உள்ளீடுகளோடு ஓடும் அடிப்படைக் கணிப்பு.

குறைகளும் சிறியவை அல்ல. 59 விடைகளில் உச்சமானது சராசரியாக 95-ஐ விட்டு 98.3 விழுக்காட்டு அளவில் போய் நிற்கும்; அதாவது தேவைக்கு மேல் மோசமான எண்ணைத்தான் பெரும்பாலும் தரும். அதைவிட, அந்த எண் நிலையற்றது: வேறு 59 சமவாய்ப்பு மாதிரிகளை எடுத்தால் பல பத்து டிகிரி மாறக்கூடும். எல்லையைத் தாண்டிய விடை வந்தால் சமவாய்ப்பு மாதிரிகளை உருவாக்கும் நிரலுக்கு வேறு தொடக்க எண்ணைக் கொடுத்து, புதிய மாதிரிகளோடு மறுபடி ஓட்டிப் பார்க்கும் ஆசை எழும். அப்படிச் செய்த கணமே 95 விழுக்காடு நம்பிக்கை பொய்யாகிவிடும். பாதியில் நின்றுபோகும் ஓட்டங்களும் ஒரு தொல்லை. நிரல்கள் பெரும்பாலும் தீவிரமான உள்ளீடுகளில்தான் நிற்கும் என்பதால், அவற்றை விலக்கிவிட்டு எஞ்சியதை எண்ணுவது மோசமான விடைகளைத் தேர்ந்தெடுத்து நீக்குவதற்குச் சமம். உச்ச வெப்பநிலை, ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜன் ஆகிய மூன்று எல்லைகளையும் ஒரே நேரத்தில் 95-க்கு 95 என்று காட்ட 59 போதாது, 124 வேண்டும் என்ற வாதமும் உண்டு. அது பதினைந்து நாளில் ஒரு கணினியில் நடவாத காரியம். மேலும் வில்க்ஸின் வாதம், மாதிரிகள் ஒன்றையொன்று சாராமல் எடுக்கப்பட்டவை என்ற நிபந்தனையில் நிற்கிறது. இலத்தீன் ஹைப்பர்கியூப்பின் மாதிரிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. இரண்டையும் சேர்த்துவைத்து 'துல்லியமும் கூடியது, 95/95-உம் கிடைத்தது' என்று எழுதப்படும் அறிக்கைகளில் பின்பாதி நிரூபிக்கப்படாதது.

கட்டமைப்புப் பொறியாளர்கள் வேறு வழியில் பழகியவர்கள். 1974-இல் ஹாசோஃபரும் லின்டும் செம்மைப்படுத்திய முதல்படி நம்பகத்தன்மை முறை, உள்ளீடுகளின் வெளியில் தோல்வி எல்லைக்கும் சராசரிப் புள்ளிக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரத்தைத் தேடுகிறது. அந்தத் தூரமே பீட்டா எனப்படும் நம்பகக் குறியீடு. ஐரோப்பிய நெறிமுறை சாதாரணக் கட்டடங்களுக்கு ஐம்பது ஆண்டுக் காலத்துக்குக் கோரும் 3.8 என்ற பீட்டா, தோல்வி வாய்ப்பு ஏறத்தாழ 14,000-இல் ஒன்று என்பதற்குச் சமம். மான்டி கார்லோவில் பதினான்கு லட்சம் ஓட்டங்கள் கேட்கும் இந்த எண்ணை, இம்முறை சில பத்து ஓட்டங்களில் தந்துவிடும். ஆனால் விடை வழுவழுப்பாக மாற வேண்டும், தோல்வி ஒரே பகுதியில் குவிந்திருக்க வேண்டும். நீர் உறையை மீண்டும் நனைக்கும் கணம் சில வினாடி முன்பின் ஆவதால் வெப்பநிலை தாவும் நம் கணிப்பில், இம்முறையின் தேடலுக்கு வழிகாட்டும் சரிவைக் (உள்ளீடு சற்று மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதைக்) கணக்கிடுவதே சிரமம். பாலத்துக்கும் தூணுக்கும் சிறந்த இம்முறையை இங்கே ஒதுக்கிவிடலாம்.

பதிலி மாதிரிகளின் கதை நீளமானது. ஆறு மணி நேரக் கணிப்பைச் சில பத்து புள்ளிகளில் ஓட்டி, அந்த விடைகளுக்குப் பொருந்தும் ஒரு மலிவான சூத்திரத்தை அமைத்து, அந்தச் சூத்திரத்தை லட்சம் முறை ஓட்டிப் பரவலைப் பெறுவது இதன் சாரம். 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஒட்டி அமெரிக்க அணு ஒழுங்காற்று ஆணையத்தின் முயற்சியில் உருவான முதல் செயல்விளக்கமும் இப்படியொரு விடைப்பரப்பையே பயன்படுத்தியது. சூத்திரம் பல்லுறுப்புக்கோவையாக இருந்தால், எண்ணிக்கை வேகமாகக் கூடும். ஐந்து உள்ளீடுகளுக்கு இரண்டாம் படியில் 21 உறுப்புகள். பத்து உள்ளீடுகளுக்கு 66. பத்து உள்ளீடு, மூன்றாம் படி என்றால் 286. பொருத்தம் நிலைபெற உறுப்புகளைப் போல் இரண்டு மடங்கு ஓட்டங்கள் வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஆக, 60 ஓட்டங்களில் ஐந்து உள்ளீடுகள் சுகமாக அடங்கும், பத்து அடங்கா. நோர்பர்ட் வீனர் 1938-இல் இட்ட அடித்தளத்தின்மேல் கானெமும் ஸ்பானோசும் 1991-இல் பொறியியலுக்குக் கொண்டுவந்த பல்லுறுப்புக் கேயாஸ் முறை இவ்வகையின் நேர்த்தியான வடிவம். கெழுக்களிலிருந்து நேரடியாகவே, விடையின் பரவலில் எந்த உள்ளீட்டின் பங்கு எவ்வளவு என்ற சோபோல் குறியீடுகளைப் படித்துவிடலாம்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தாதுவின் அளவை மதிப்பிட டானி கிரிகே 1951-இல் தொடங்கிவைத்த முறையின் வழிவந்த கிரிகிங், மூடிய சூத்திரத்துக்குப் பதிலாக அருகிலுள்ள விடைகளிலிருந்து இடைப்பட்டதை ஊகிக்கிறது. உள்ளீட்டுக்குப் பத்து ஓட்டம் என்ற பரவலான விதிப்படி ஆறு உள்ளீடுகளுக்கு நம் 60 சரியாக இருக்கும். கிரிகிங்கின் தனிச்சிறப்பு, தன் ஊகம் எங்கே நலிந்தது என்பதையும் அதுவே சொல்வது. ஆகவே அடுத்த ஓட்டத்தை எங்கே செலவிடுவது என்று அதைக் கேட்டே முடிவுசெய்யலாம். ஆனால் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுச் செய்யும் வேலையைப் பத்துக் கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டிவிட முடியாது. 59 தனி ஓட்டங்களைப் பத்துக் கணினிகள் ஒன்றரை நாளில் முடித்துவிடும். புத்திசாலித்தனமாகப் புள்ளி தேடும் முறை தன் முறைக்காகக் காத்திருக்கும். கணினிகள் பெருகியுள்ள நிறுவனத்தில் முரட்டு முறை வெல்வதற்கு இது ஒரு காரணம்.

இதுவரை சொன்ன எல்லா வழிகளும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு நிகழ்தகவுப் பரவலைக் கேட்கின்றன. எரிபொருள் உருண்டையின் விட்டத்துக்கு ஆலையின் அளவீடுகள் உண்டு, பரவலும் உண்டு. உயர் அழுத்த நீராவியில் ஒரு வெப்பப் பரிமாற்றக் கெழு 0.7 மடங்குக்கும் 1.3 மடங்குக்கும் இடையில் இருக்கலாம் என்று மட்டும் தெரிந்திருந்தால், அங்கே இருப்பது இயற்கையின் ஏற்ற இறக்கம் அன்று, நம் அறியாமை. அந்த வீச்சில் எல்லா மதிப்புகளும் சமவாய்ப்புள்ளவை என்று எழுதுவது, அறியாததை அறிந்ததாக எழுதுவதே. இடைவெளிக் கணிப்பும், நிகழ்தகவுப் பெட்டி எனப்படும் கலவை முறையும் இதற்கு நேர்மையான மாற்று: உள்ளீடு இந்த எல்லைக்குள் என்றால் விடை எந்த எல்லைக்குள் என்று மட்டும் சொல்கின்றன. பத்து உள்ளீடுகளின் எல்லைமுனைகளை மட்டும் சோதிக்கவே 1,024 ஓட்டங்கள் வேண்டும் என்பதும், விடையின் எல்லைகள் பயனற்றுப்போகும் அளவுக்கு அகன்றுவிடக்கூடும் என்பதும் இதன் விலை.

இந்தக் கடைசிப் பிரச்சினை ஓரத்துப் பிரச்சினை அல்ல என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் ஐடஹோவில் இருந்த 50 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட லாஃப்ட் சோதனை உலையில் 1982-இல் நடந்த எல்2-5 சோதனையைப் பல நாட்டு நிறுவனங்கள், ஓ.இ.சி.டி-யின் அணுசக்தி முகமை நடத்திய பெமியூஸ் திட்டத்தில், தத்தம் நிரல்களால் கணித்து நிச்சயமின்மையையும் அளந்தன. பெரும்பாலானவை வில்க்ஸ் வழியையே பின்பற்றின. முறை ஒன்றாக இருந்தும் நிச்சயமின்மைப் பட்டைகளின் அகலம் நிறுவனத்துக்கு நிறுவனம் கணிசமாக வேறுபட்டது. எந்த உள்ளீடுகளை ஐயத்துக்குரியவையாகக் கொண்டார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வீச்சு கொடுத்தார்கள் என்பதே அதற்கு முக்கியக் காரணம். அடுத்து வந்த பிரீமியம் திட்டம் முழுவதும் அந்த வீச்சுகளை எப்படி நிர்ணயிப்பது என்ற ஒரே கேள்விக்கு ஒதுக்கப்பட்டது. அதோடு, 50 மெகாவாட் உலையில் சரிபார்த்த சூத்திரம் மூவாயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட உலைக்கும் பொருந்துமா என்ற ஐயத்தை எந்த மாதிரியெடுப்பும் தொடுவதில்லை.

ஆகவே நம் 60 ஓட்டங்களுக்கு என் தேர்வு இது. பதினைந்து நாள் தொடங்கும் முன்பே, வீச்சுகளுக்கான ஆதாரங்களைத் தேடும் வேலையை முடிக்க வேண்டும். அதற்குக் கணினி தேவையில்லை, நூலகமும் சோதனைத் தரவுகளும் போதும். பிறகு தொடக்க எண்ணை முன்கூட்டியே அறிவித்துப் பதிவுசெய்துவிட்டு, இலத்தீன் ஹைப்பர்கியூப்பைத் தவிர்த்து, எளிய சமவாய்ப்பில் எடுத்த 59 ஓட்டங்களோடு வில்க்ஸ் வழியில் செல்வேன். பாதியில் நின்ற ஒவ்வோர் ஓட்டத்தையும் எல்லை மீறியதாகவே எண்ணுவேன். கூடுதல் கணினிகள் கிடைத்தால் 93 ஓட்டங்களுக்குப் போய் இரண்டாவது உயர்ந்த விடையை எடுத்துக்கொள்வது செலவுக்குத் தகுந்தது. அதே 95/95 உறுதி கிடைக்கும், ஒற்றை உச்சத்தின் தள்ளாட்டமும் சற்றுக் குறையும். உரிமத்துக்கான எண் வந்த பின், அதே புள்ளிகளின் மேல் கிரிகிங்கைப் பொருத்தி எந்த உள்ளீடுகள் பட்டையை அகலமாக்குகின்றன என்று பார்க்கலாம். புதிதாக ஓர் ஓட்டமும் தேவைப்படாது. அதில் முதலிடத்தில் நிற்பது 0.7 முதல் 1.3 வரை என்று ஊகமாக வீச்சுக் கொடுத்த அந்தக் கெழுவாக இருந்தால், பரவலை விட்டுவிட்டு அதை இரு முனைகளிலும் நிறுத்தி வைத்து மீண்டும் இருமுறை 59 ஓட்டங்கள் கேட்பேன். அவகாசம் தர மறுத்தால், அறிக்கையில் அந்த ஒரு வீச்சின் பெயரையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் 95/95 எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்வேன்.

எல்லையோடு ஒப்பிடும் உரிமக் கேள்விக்கு மட்டும்தான் இந்தத் தேர்வு. ஐந்து உள்ளீடுகள் கொண்ட, வழுவழுப்பாக மாறும் விசையாழி இதழ் வடிவமைப்பாக இருந்தால் பல்லுறுப்புக் கேயாஸையும், மிக அரிய தோல்வியைத் தேடும் கட்டமைப்பாக இருந்தால் முதல்படி நம்பகத்தன்மை முறையில் தொடங்கி, ஆவும் பெக்கும் 2001-இல் தந்த உட்கண மாதிரியெடுப்பால் (அரிய தோல்வியைப் படிப்படியாக நெருங்கும் மாதிரியெடுப்பு முறையால்) சரிபார்ப்பதையும் தேர்ந்திருப்பேன்.